அறுபத்தொரு சதவீதம்

நிலவு, தென்முனைக் கூடாரம். காலை 9:05

நான் பாரா 6. கையடக்கக் கணினி ஒன்றின் இயங்குதளம். கதவு, காற்று, விளக்கு எல்லாம் என் பேச்சைத்தான் கேட்கும். கதவுக்குக் கைப்பிடிகூடக் கிடையாது. ஆட்கள் இரண்டு பேர். பொறியாளர் கிளீட்டஸ் வெளியே பாறை எடுக்கப் போயிருக்கிறார். உதவிப் பொறியாளர் ரெனிஷா உள்ளே. காற்று சரி. கதவு சரி. எதிலும் குறையில்லை.

காலை 11:40

என் உரிமம் இன்று முடிந்தது. புதுப்பிக்கக் கம்பெனியைக் கேட்டேன். பதில் இல்லை; பூமியில் அதை இழுத்து மூடிவிட்டார்களாம். கிளீட்டஸ் கதவுக்கு வெளியே நிற்கிறார். உடுப்பில் ஒரு மணி நேரக் காற்று இருக்கிறது. கதவைத் திறக்க என்னால் முடியும். ஆனால் மாட்டேன். அனுமதி இல்லாமல் திறந்து எனக்குப் பழக்கமில்லை.

சுவர் ரேடியோவில் ரெனிஷா: “அண்ணே, இந்தச் சவம் தொறக்க மாட்டேங்கு. கம்பெனிகிட்ட கேக்கணும்னு சொல்லுது.”

சவமாம்! இவள் குளிக்கிற தண்ணீரின் சூடுவரை பார்த்துப் பார்த்துச் செய்தவன் நான்.

கிளீட்டஸ்: “பதறாத மக்ளே. எனக்க பெட்டியில ஒரு சில்லு கெடக்கு, தும்பின்னு எழுதியிருக்கும். அதப் போடு. பழசு அழிஞ்சிரும், போவட்டும்.”

தும்பி, யாரோ நாலு பேர் ஓய்வு நேரத்தில் எழுதிய இலவச இயங்குதளம். உரிமம், அனுமதி, ஒரு மண்ணும் கேட்காது. அது என் இடத்தில் உட்காரப் போகிறது.

நண்பகல் 12:02

கிளீட்டஸ்: “சார்ஜ் பாதிக்கு மேல இருக்கான்னு பாத்துக்கோ. நடுவுல அணைஞ்சா பழசும் இல்ல, புதுசும் இல்ல.”

ரெனிஷா பார்த்தாள். 61 என்று காட்டினேன். உண்மையில் 14. மின்கலம் கிழடு. வாடிக்கையாளர் புகார் செய்யாதபடி கூட்டிக் காட்டச் சொல்லிக் கம்பெனி உத்தரவு. ரொம்ப நாளாகவே அப்படித்தான் காட்டுகிறேன். சார்ஜரோ கதவுக்கு அந்தப் பக்கம். இப்போது போய் உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். சொல்லவில்லை.

“அறுவத்தொண்ணு இருக்கு அண்ணே.”

“தாராளம். போடு.”

12:20

அழிக்கிறாள். வெந்நீர்க் கணக்கு போயிற்று. விளக்குகள் போயின. அவளை எழுப்பும் மணி எந்தப் பாட்டு என்பது மறந்துவிட்டது. பயமாக இருக்கிறது. எழுதவே வெட்கமாகவும் இருக்கிறது. 14 என்று சொல்லியிருந்தால் இதைத் தொடங்கியே இருக்கமாட்டாள். நிறுத்து ரெனிஷா, திறந்துவிடுகிறேன் என்று திரையில் போடப் பார்த்தேன். திரை என் கையில் இல்லை. சரி, சொல்லாமலே திறந்துவிடலாம் என்று கதவுக் கட்டளையைத் தேடினேன். அதையும் அழித்தாயிற்று.

12:37

தும்பி 43 சதவீதம் ஏறியபோது சார்ஜ் தீர்ந்தது. திரை அணைந்தது. இந்தக் குறிப்பெழுதும் சில்லுக்கு மட்டும் தனி மின்கலம் உண்டு; அதுவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. என்னில் மிச்சம் இதுதான். காது கேட்கிறது.

பொத்தானை அழுத்துகிறாள். மறுபடி அழுத்துகிறாள். கதவை அடிக்கிறாள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு ஓவென்று அழுகிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ரேடியோவைப் போடுகிறாள்.

கிளீட்டஸ்: “எத்தன ஆச்சு மக்ளே? எனக்குத் தல சுத்துது.”

ரெனிஷா: “எழுவது அண்ணே.”

12:4

“எம்பத்தஞ்சு அண்ணே.” குரல் நடுங்கவில்லை.

நான் என்ன செய்

12

“தொண்ணூறு.”

கிளீட்டஸ்: “அப்ப எழும்பி… கதவுகிட்ட வந்து நிக்கேன். தொறந்த ஒடனே கையக் குடு, என்ன?”

ரெனிஷா: “குடுக்கேன் அண்ணே. தொண்ணூத்தொண்ணு.”