நின்ற இடத்தில் எரிந்த பெட்ரோல்

மரகைபோ,
திங்கட்கிழமை

அன்புள்ள எவெலியோ அண்ணனுக்கு,

நேற்றல்ல, அதற்கு முந்தைய ஞாயிறு நீ வீடியோவில் அழைத்தபோது நாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் பின்னால் தெரிந்த சிவப்பு உறையைப் பார்த்து, "புது சோபாவா? எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டாய். அது நம் மாலிபு காரின் பின்சீட். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அம்மாவின் போனுக்குச் சார்ஜ் ஏற்ற, அப்பா முற்றத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தார். டாங்கில் இருந்தது, செவ்வாய்க்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வைத்திருந்த பெட்ரோல். அதையும் நான் சொல்லவில்லை.

தண்ணீரைவிட பெட்ரோல் மலிவாக இருந்த நாட்களில், வழியில் யாரையாவது பார்த்து அரட்டை அடித்தால்கூட அப்பா என்ஜினை அணைக்க மாட்டார். இப்போது சிக்னலில் அணைக்கிறார். ரொட்டி வாங்க நடந்து போகிறார். ஞாயிறு மாலை ஏரிப் பக்கம் போய்வருவது எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெருவில் கார்கள் ஓடுவதைவிட, போனுக்குச் சார்ஜ் ஏற்ற நின்றபடி உறுமுவதுதான் அதிகம். அன்று பக்கத்து வீட்டு ரிகோபெர்ட்டோ மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னய்யா, நின்ன எடத்துலயே வண்டி மகன் இருக்கிற சாந்தியாகோவுக்குப் போகுதா?" என்று கேட்டார். "பாதி தூரம் வந்தாச்சு. ஏறிக்கிறியா?" என்றார் அப்பா.

கால்மணி நேரம் பேசிவிட்டு வைத்துவிடுவது என்றுதான் நாங்கள் முடிவு செய்திருந்தோம். நீயும் "ஆசி குடும்மா" என்றாய். அம்மாவும் "கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும் மகனே" என்றாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் உன் அறையில் இருக்கும் பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள். பெரியவர்கள் எதிரில் இருந்தால் ஆசி கேட்காமல் அவர்களால் எப்படி நகர முடியும்? அம்மாவும் சும்மா ஆசி கொடுத்து அனுப்பவில்லை. பெயர் என்ன, எந்த ஊர், அம்மா எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாயா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தாள். மீசை வைத்த ஒருவன், தன் ஊரில் டவர் விழுந்ததிலிருந்து வீட்டுக்குப் பேசவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு அழுதான். "அழாதடா. உங்கம்மா லைன்ல வர்ற வரைக்கும் நான் இருக்கேன்ல" என்றாள் அம்மா. அதற்குள் அப்பா தன் தொப்பியைக் கழற்றிப் பெட்ரோல் முள்ளின் மேல் மாட்டிவிட்டார். நான் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்; அப்படிச் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அழைப்பு முடிந்ததும் அம்மா எட்டி அந்தத் தொப்பியை எடுத்து அப்பா மடியில் போட்டாள். "மறைச்சு வச்சா எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல" என்றாள். "தெரிஞ்சும் ஏன்மா பேசிக்கிட்டே இருந்த?" என்று கேட்டேன். "ஆசி கேட்டு நிக்கிற புள்ளைங்கள வச்சுக்கிட்டு போனை கட் பண்ணச் சொல்றியா?" என்றாள்.

நம் வண்டி எண்ணுக்குப் பெட்ரோல் வரிசை புதன்கிழமைதான். டாலருக்கு விற்கும் பங்க்கில் அந்த வாரம் லோடு வரவில்லை. ரிகோபெர்ட்டோவிடம் கேட்கலாம் என்றேன். அவர் வண்டியும் காய்ந்துதான் நிற்கிறது என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பெரிய திரை போட்ட புதுப் போன் தவணையில் எடுத்திருக்கிறேன் என்றாயே, முடிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. பழைய போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. உன் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அண்ணா. நீ அழைக்காத ஞாயிறுகளில் அவள் எப்படி இருப்பாள் என்பதையும் பார்த்தவள்தானே நான்.

உன்னிடம் போனில் எதுவும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் கையால் எழுதுகிறேன். சிக்னல் கிடைக்கும் இடத்தில் படம் எடுத்து அனுப்புவேன். இதைப் படித்ததும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடாதே. ஆசி கேட்டு உன் குரலைப் பதிவு செய்து அனுப்பு. அந்தப் பையன்களையும் கேட்கச் சொல். மீசைக்காரனை மறந்துவிடாதே. ஒவ்வொன்றையும் அவள் காதருகே வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நாங்கள் தண்ணீர் லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வியாழனன்று அவளுக்கு மூச்சு முட்டியது. நேற்று நீ அழைத்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொன்னார். அவள் மருத்துவமனையில் இருந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

உன் தங்கை,
நெரெய்டா