குருவி பேசிய இங்கிலீஷ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமென்று தினமும் ஃபோனில் சொல்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது, அதனால் நான் பாதிதான் நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பஸ் ஓட்டும்போது மட்டும்தான் தெரிகிறதாம், ஆனால் மனுஷன் நாள் முழுக்க பஸ்தானே ஓட்டுகிறார். இப்போது எழுதப் போவதை ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், குறுக்கே பேச ஆளில்லாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

நான் கல்லூரியில், நம்மைப் போல இந்த நாட்டுக்குக் குடியேறியவர்களுக்கான கோடைக்கால இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தது உனக்குத் தெரியும். வருஷம் முழுக்கப் படிப்பதை இந்த விடுமுறைக்குள் முடித்துவிடலாம், காலையில் போனால் மத்தியானம் வரை பேச்சு, எழுத்து, மறுபடி பேச்சு, வீட்டுக்கு வரும்போது நாக்கு எனக்குச் சொந்தமில்லாதது போல இருக்கும். தேறிவிட்டால் நேராக நர்ஸ் உதவியாளர் படிப்புக்குப் போகலாம், ஆஸ்பத்திரி சலவை அறையில் ஆவியில் வேகுவதற்கு ஒரு முடிவு வரும். வாத்தியாரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும், யாராவது சொந்த மொழியில் முணுமுணுத்தால் புருவத்தைத் தூக்குவாள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை, அங்கே தமிழ் பேச நான் ஒருத்திதான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். ஒல்லியாக, வெடுக்வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள், குருவி என்று நானே பெயர் வைத்தேன். அவள் மொழி வேறு, நம் மொழி வேறு, எங்களுக்குள் இருந்தது அந்த அரைகுறை இங்கிலீஷ்தான், அக்கா என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். சேர்ந்த புதிதில் தன் பெயரைச் சொல்லவே திணறியவள், கொஞ்ச நாளில் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டாள். புருஷன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். அவனுக்கு இங்கிலீஷ் வராது, வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டுமென்றுதான் அவளைச் சேர்த்தானாம். தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு நேராகக் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பான். உங்கப்பா எனக்காக ஒரு நாளாவது இப்படிக் காத்திருந்ததுண்டா என்று முதலில் பொறாமைகூடப் பட்டேன்.

ஒரு நாள் இறந்தகாலம் நடத்தினாள் வாத்தியாரம்மா. நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். எங்களோடு படிக்கும் ஒரு வெல்டர், சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்டினேன் என்றார், நான் படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன் என்றேன். குருவி எழுந்து, "நேத்து சமைச்சேன். அவருக்குப் பிடிக்கல. அவர் கதவைச் சாத்தினார். என் கை கதவுல இருந்துச்சு" என்றாள். ஒரு வினைச்சொல்கூடத் தப்பில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்த வாத்தியாரம்மா புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சும்மா பயிற்சிக்குச் சொன்னேன் என்று சிரித்தாளாம். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்தும் இல்லை. கல்லூரியிலிருந்து அழைத்தால் அவன்தான் எடுத்து, உடம்பு சரியில்லை என்று தெரிந்த ரெண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிடுவானாம்.

மனசு கேட்கவில்லை, வாத்தியாரம்மாவிடம் விலாசம் கேட்டு, பாடத் தாள்களை எடுத்துக்கொண்டு நானே போனேன். டயர் கடைக்கு மேலே வீடு, படியெல்லாம் ரப்பர் நாற்றம். அவன் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்து பார்த்தான், தாள்களைக் காட்டியதும் உள்ளே விட்டான். நடையில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. குருவி கையில் கட்டோடு வந்தாள். தாளைப் பார்த்துப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலவே மளமளவென்று இங்கிலீஷில் பேசினாள். "அக்கா, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. படம் ஒட்டின அந்தச் சின்னப் புஸ்தகம் அவர்கிட்ட இருக்கு. நாளைக்குக் காலைல என்னை ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போறார். போனா திரும்பி வரமாட்டேன். யார்கிட்டயாவது சொல்லுங்க." போலீஸ், பாஸ்போர்ட் என்று அவன் காதில் பிடிபடக்கூடிய ஒரு வார்த்தையும் அதில் இல்லை மகளே. அவன் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பாடம் சொல்வது போலவே, விடிந்ததும் வாத்தியாரம்மா தாளை வாங்கிக்கொள்ள வருவாள், முடித்து வை என்றேன். என்ன சொல்கிறாள் என்று கையை ஆட்டிக் கேட்டான். ஹோம்வொர்க் என்றேன். படியிறங்கி நேராக வாத்தியாரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

வாத்தியாரம்மா யார் யாருக்கோ ஃபோன் போட்டாள். விடிகிற நேரத்தில் இரண்டு பெண் போலீஸ் போய்க் குருவியைக் கூட்டிவந்துவிட்டார்கள், வெறும் கைப்பையோடு வந்தாளாம். எங்கே இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே முதல் கட்டப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள் என்று மட்டும் தெரியும். அதைக் கேள்விப்பட்டதும் அழுதுவிட்டேன்.

அவனை விசாரித்து வெளியே விட்டுவிட்டார்கள். அவளை நெருங்கக் கூடாதென்று உத்தரவாம். என்னை நெருங்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சலவை அறையின் பின்வாசலில் அந்தக் கார் வந்து நிற்கிறது, அவன் இறங்குவதில்லை. ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன் என்று கிளம்பிய அப்பாவைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த வாரம் புது மாணவர்களைச் சேர்த்தார்கள். ஆரம்ப வகுப்பில், எங்களுக்கு அடுத்த அறையில், முதல் வரிசையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். வாத்தியாரம்மா ஆபீசில் சண்டை போட்டாள், பார்க்கிறோம் என்கிறார்கள். நேற்று காபி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, மனப்பாடம் செய்துவந்தது போல ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில், "அன்னைக்கு அவ என்ன சொன்னா? எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா புரிய ஆரம்பிச்சிருக்கு" என்றான். அதிலும் ஒரு தப்பில்லை.

போலீசில் சொல்லியிருக்கிறோம். வகுப்பை நிறுத்து என்று நீ சொல்லாதே, நான் நிறுத்தப் போவதில்லை. லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம். உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அப்பாவின் ஆசியும் இதோடு சேர்த்தி. வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, தெரியாத எண்ணிலிருந்து யாராவது அழைத்து, உன் அம்மாவோடு படிக்கிறேன் என்று நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னால், நீ எங்கே இருக்கிறாய் என்று வாய்தவறியும் சொல்லிவிடாமல் வைத்துவிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா