உன் மீட்டரைப் படித்த செல்போன்

நேற்று எங்கள் வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் மருத்துவ முகாம் நடந்தது. கேன்டீன் ஹாலில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். என் முறை வந்ததும் நர்ஸ் விரலைப் பிடித்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியபோதே எனக்குள் ஏதோ பிசகிவிட்டது. விரலில் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, சர்க்கரை பார்க்கும் மீட்டரை மேசைமேல் வைத்தார். எண் தெரிந்தது. மேலே எரிந்த டியூப் லைட் அதன் கண்ணாடியில் கோடாக விழுந்திருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியுமுன் கை செல்போனை எடுத்து, அந்தக் கோடு எண்ணின்மேல் படாதபடி சாய்த்துப் பிடித்திருந்தது.

"இன்னா மேடம், இதக் கூடவா ஸ்டேட்டஸ் வெப்பீங்க?" என்றார் நர்ஸ். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறதாம்.

நீ போனபின் உன்னிடம் பேச வேண்டும் என்று நான் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

ஒரகடம் கூட்டு ரோட்டில், ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்த நம் ஆபீஸில் நீயும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். பிள்ளைப்பாக்கத்தில் நீ பின்னால் ஏறிக்கொள்வாய். கிருத்திகை அன்று வல்லக்கோட்டைக் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் தாமதமாகப் போவோம். மேனேஜர் வாயைத் திறக்குமுன் நீ, "முருகனே வழிய மறிச்சிட்டான் சார்" என்பாய். அல்லேலூயா வீட்டுப் பெண் முருகனைச் சாட்சிக்கு இழுத்தால் அவர்தான் என்ன சொல்வார்.

வேலை என்னவோ சின்னதுதான். இந்தச் சாலையின் இருபக்கமும் உள்ள கிடங்குகளில் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளின் லேபிளை ஊழியர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். நம் ஆப் அதிலிருந்து பார்ட் நம்பரைப் படிக்க வேண்டும். படத்தை எடுத்தபடியே கொடுத்தால் ஆப் உளறும். பெட்டி கோணலாக இருக்கும், பிளாஸ்டிக் சுற்றியது பளபளக்கும், எடுத்தவரின் நிழலே பாதி லேபிளை மறைக்கும். சாய்வை நிமிர்த்த வேண்டும். நிறத்தை எடுத்துவிட வேண்டும். நிழலைக் களைந்து, எழுத்தைக் கறுப்பாகவும் பின்னணியை வெள்ளையாகவும் பிரிக்க வேண்டும். தேவையில்லாததை எல்லாம் வெட்டிவிட்டு எழுத்தை மட்டும் படிக்கக் கொடுக்க வேண்டும். நீயும் நானும் செய்தது அவ்வளவுதான். "பொண்ணு பாக்க வராங்க, மூஞ்சி கழுவி வுடு" என்று நீ அதற்குப் பெயர் வைத்தாய். ஆபீஸ் முழுக்க அந்தப் பெயர் பரவி, மேனேஜரே ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்கு இன்சுலின். ஆபீஸ் ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் உன் மருந்து இருக்கும். சாப்பிடுமுன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, "சாம்பாரா, காரக்கொழம்பா?" என்று கேட்பாய். அதை ஒரு நோயாக நான் நினைத்ததே இல்லை. உன் கைக்கடிகாரம் மாதிரி, உன்னோடு இருக்கும் ஒன்று.

ஒரு நாள் நீ மானிட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாய். "நூல் மாரி ஒண்ணு ஓடிகினே கீதுடி. போவ மாட்டேங்குது" என்றாய். நான் எழுந்து வந்து பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை. நூல் உன் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையில் லேசர் வைத்தார்கள், கண்ணில் ஊசி போட்டார்கள். முதலில் ஒரு கண் போனது. மற்றது தாங்கும் என்று ஒரு டாக்டர் சொன்னார், இன்னொருவரும் சொன்னார். அது தாங்கவில்லை. நீ வேலையை விட்ட அன்று மேனேஜர் வாசல்வரை வந்து, "சரியானதும் வாம்மா, சீட்டு அப்படியேதான் இருக்கும்" என்றார். நல்ல மனுஷர்தான். ஸ்கூட்டரில் ஏறியதும் நீ என் தோளில் கை வைத்து, "பொய் சொல்லும்போது எல்லாருக்கும் கொரலு ஏன்டி இவ்ளோ நல்லா ஆயிடுது?" என்றாய். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அப்பா இல்லாத வீடு. அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முதல் ஷிப்ட், விடியுமுன் கிளம்பிவிடுவார். காலையில் நீ தனியாக எழுந்து, தனியாக விரலைக் குத்தி, மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவை முடிவு செய்ய வேண்டும். எண்ணைப் பார்க்கத்தான் கண் இல்லை. பேசும் மீட்டர் இருக்கிறது என்றார்கள். வாங்கினோம். அதற்கு உரிய ஸ்ட்ரிப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டக்காவை எத்தனை நாள் கூப்பிடுவது? அவர்களும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"நம்ம ஆப்பு பொட்டியெல்லாம் படிக்குது. என் மீட்டரப் படிக்காதா?" என்றாய் நீ.

படிக்கவில்லை. மீட்டரில் இருப்பது அச்செழுத்து இல்லையே. துண்டு துண்டான கோடுகள் சேர்ந்துதான் ஒவ்வோர் எண்ணும் ஆகிறது. கோடுகளுக்கு நடுவே இடைவெளி. ஆப் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடும். கோடுகளைத் தடிக்க வைத்து இடைவெளியை அடைத்தேன். எட்டு எட்டானது. மூன்றும் எட்டானது. தடிப்பைக் குறைத்தேன். செல்போனின் நிழல் விழுந்த பாதி மட்டும் முழுக் கறுப்பாக வந்தது. படம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், பகுதி பகுதியாகப் பிரித்து எது கறுப்பு எது வெள்ளை என்று முடிவு செய்யும்படி மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சர்ச்சிலிருந்து வந்ததும் உன் கட்டிலில் உட்கார்ந்து இதைத்தான் செய்தோம். நான் திரையில் தெரிவதை வர்ணிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "கீழ் கோடு வெளுத்திருக்குமே? பேட்டரி போயிருக்கும், மாத்திப் பாரு" என்பாய். ஆபீஸில் நம் பழைய சீட்டுகளில் இருப்பது போலவே இருந்தது. அந்த ஞாயிறுகளில் நாம் சந்தோஷமாக இருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஆப் எண்ணை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியது. நீ அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாய். "அடி ஆத்தி, ரேடியோக்காரி மாரி பேசுதே" என்று அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு காலை, நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது.

"எம்பத்தஞ்சுனு சொல்லுதுடி" என்றாய். உன் குரல் குழறியது. "ஆனா கை நடுங்குது. வேர்த்து ஊத்துது."

"ஊசி போட்டியா?"

"போடல. மொதல்ல சக்கரைய அள்ளி வாய்ல போட்டுகினேன்."

"எதையும் தொடாதே, வரேன்."

நான் வந்தபோது நீ தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நைட்டி முதுகில் ஒட்டியிருந்தது. மீட்டரின் பட்டனை அமுக்கிக் கடைசி எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. நீ மீட்டரைத் தலைகீழாக வைத்துப் படம் எடுத்திருக்கிறாய். அந்தக் கோட்டு எண்களில் ஐந்தைத் திருப்பினாலும் ஐந்து, எட்டைத் திருப்பினாலும் எட்டு. ஐம்பத்தெட்டு அப்படியே எண்பத்தைந்தாகிவிட்டது. அதை நம்பி வழக்கமான ஊசியைப் போட்டிருந்தால் மாலையில் அம்மா வந்துதான் உன்னைப் பார்த்திருப்பார்.

நான் அழுதேன். நீ அழவில்லை. "தெரிலன்னா தெரிலன்னு சொல்ல வைடி அத" என்றாய். "தெரியாதத தெரிஞ்ச மாரி சொன்னவங்க எனக்கு ஏற்கெனவே நெறைய பேர்."

அந்த வாரமே கிடங்கிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்து வெட்டினேன். கீழே மீட்டர் ஒரே பக்கமாக மட்டும் உட்காரும்படி ஒரு பள்ளம். மேலே செல்போன் வைக்க ஒரு துளை. வெளிச்சம் கண்ணாடியில் பளிச்சிடாமல் இருக்க உள்ளே வெள்ளைத் தாள். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அளவுக்குறி நேராகத் தெரிந்தால்தான் படிக்க வேண்டும், தெரியாவிட்டால் "படிக்க முடியவில்லை, மறுபடி எடு" என்று சொல்ல வேண்டும் என ஆப்பையும் மாற்றினேன். அதன்பின் அது ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருமுறைகூட.

ஆனால் அதனால் என்ன ஆயிற்று?

உன் கால் வீங்கியது. பிறகு முகம். கண்ணைக் கொண்டுபோன அதே சர்க்கரை கிட்னியையும் கொண்டுபோயிருந்தது. அம்மா தன்னுடையதைத் தருகிறேன் என்று நின்றார். அவருக்கும் சர்க்கரை, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். திரும்பும் வழியில் தண்டலம் தாண்டும்போதே உனக்கு வாந்தி வரும், ஆட்டோவை ஓரம் கட்டுவோம். லாரிகள் நம்மை உலுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்ததும் நீ ஒரு கடமை போல விரலைக் குத்தி, பெட்டியில் மீட்டரை வைத்து, ஆப் சொல்வதைக் கேட்பாய். எண் சரியாக இருக்கும். அதை வைத்துச் செய்ய வேண்டியதையும் சரியாகச் செய்வாய். ஒரு நாள் சொன்னாய்: "நம்பரு கரெக்டா வருதுடி. நான்தான் கரெக்டா வரல."

"அப்படியெல்லாம் பேசாதே" என்றேன். என் குரல் நன்றாக இருந்திருக்கும்.

நீ போனது ஒரு மத்தியானம். நான் கிடங்கில், மழையில் நனைந்து ஊறிப்போன பெட்டிகளின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். லேபிள் திரையில் தெரிந்துகொண்டிருந்தபோதே அதன்மேல் உன் அம்மாவின் பெயர் வந்தது. எடுத்தேன். அவர் குரலுக்குப் பதில் யாரோ ஜெபம் பண்ணும் சத்தம் கேட்டது.

சில மாதம் கழித்து அந்த மீட்டர் வேலையை மேனேஜரிடம் காட்டினேன். கண் தெரியாத எத்தனையோ பேருக்கு உதவும், வெளியிடலாம் என்றேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா யாரோ ஒருத்தருக்கு ஒரு தடவ தப்பா படிச்சா? பொட்டி தப்பா போனா திரும்பி வந்துடும்மா" என்றார். சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன். தரையில் நீ உட்கார்ந்திருந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். அந்த வேலை இன்னும் அங்கேயே கிடக்கிறது. நான் இன்னும் பெட்டிகளுக்கு மூஞ்சி கழுவிக்கொண்டிருக்கிறேன். உன் சீட்டில் வேறொரு பெண். நல்ல பெண்தான்.

போன மாதம் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். உன் முதல் வருஷ ஜெபத்துக்குக் கார்டு அடிக்க ஒரு போட்டோ வேண்டுமாம். ஆபீஸ் நாட்களில் எடுத்ததைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டார். "இது பழைய மூஞ்சிம்மா. கடசியா என்கூட எப்டி இருந்தாளோ, அந்த மாரி ஒண்ணு குடு."

கண் போனபின் நீ யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. அம்மா உன் செல்போனை என் கையில் கொடுத்தார். "தெனம் போட்டோ எடுத்துகினே இருந்தாளே. அதுல ஒண்ணு கூடவா இருக்காது?"

இருந்தன. விரல் ஓயும்வரை தள்ளினேன். அத்தனையும் எண்கள். உன் பழைய செல்போனில் இடம் போதாது என்று, எண் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும்படி நான்தான் ஆப்பை அமைத்திருந்தேன். வேலை அப்படித்தான் நடக்கும். படிக்க முடியாமல் போன படங்கள் மட்டும், ஏன் முடியவில்லை என்று நான் பார்ப்பதற்காக முழுதாக இருந்தன. அவற்றில் ஒன்றில் மீட்டரின் ஓரம் உன் பெருவிரல். நகத்தோரம் குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள். நைட்டியின் கைப்பகுதி கொஞ்சம். அவ்வளவுதான்.

அம்மா அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எப்டி வீங்கிக் கீது பாரு" என்றார். "பழசே இருக்கட்டும்மா" என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். கார்டில் ஆபீஸ் படத்திலிருந்து உன்னை மட்டும் தனியே வெட்டிப் போட்டோம். அதையும் நான்தான் செய்தேன்.

அந்த விரல் படத்தை மட்டும் என் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். உன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நேற்று மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன், சட்டென்று வரவில்லை. விரல் வந்தது. ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடிந்தது. இனி எனக்கு நீ என்றால் இதுதான் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதுடி.