தென்மதகு ஆணையை முழுதும் வாசிப்பேன்

நீர் நிறைக, நிலம் விளைக, மன்னர் செங்கோல் நெடிது வாழ்க.

வயமான் கோவேள் மன்னர்க்கு ஆட்சியாண்டு பதினொன்று, ஐப்பசித் திங்கள் நான்காம் நாள். மூன்றாம் நாள் என்று எழுதிவிட்டுச் சுரண்டித் திருத்தியிருக்கிறேன். அது என் கைப்பிழை. இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அதையும் மறைக்கமாட்டேன்.

நெடுங்கோட்டு நாட்டின் முதலமைச்சரும் நால்வாயில் முரசுகளுக்கும் தலைவருமாகிய அருவந்தைப் பேரரையர் திருமுன், அல்லியூர் ஏரிவாயிலில் ஓலை எழுதுபவளும் மாலைக் கல்விச்சாலையில் மூன்றாம் ஆண்டு பயில்பவளுமாகிய தாயன் மகள் சேந்தி வணங்கி விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் சுற்றமும் தலைநகரும் நலமுற்றிருக்க வேண்டுகிறேன். இவ்வூர் நலமாக இல்லை.

நேற்றுத் தங்கள் ஆணை கிடைத்தது. கூத்தர் மாறங்கோவுக்குப் பட்டும் பல்லக்கும் அளித்திருப்பதாகவும், வரும் முழுநிலாக் கூத்தில் அரசவைக்குச் சார்பாக அவர் சொல்லத்தக்க வாசகம் ஒன்றை, ஒரே மூச்சில் சொல்லி முடியும்படியும் மறுதரப்பார் வாய் அடைபடும்படியும் நான் எழுதித் தரவேண்டும் என்றும் அதில் கண்டேன். அதை நான் எழுதித் தரமாட்டேன். ஏன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சென்ற திங்கள் இருபத்தொன்றாம் நாள் என் நாளோலையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இன்று தென்மதகு ஆணையைச் சுருக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சிறு பிழைதான்." நம் வாயில்களின் வழக்கம் தாங்கள் அறிந்ததே. ஆணை எவ்வளவு நீண்டதாயினும், முரசறைவோர் இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சில் சொல்லக்கூடியதே ஊருக்கு அறிவிக்கப்படும். முழு ஓலை வாயிலில் தொங்கும். அதைப் படிக்க எவரும் வருவதில்லை.

ஆணை சொன்னது மூன்று. ஏரிக்கரை இளகியிருப்பதால் இருபது நாள் தென்மதகு மூடப்படும். அதுவரை கீழ்க்கரை வயல்களுக்கு மேல்குளத்து நீர் முறைவைத்துத் தரப்படும். கரை அடைபட்டதும் முதல் நீர் கீழ்க்கரைக்கே. நான் முரசுக்குக் கொடுத்ததோ, "தென்மதகு மூடப்படும்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

அன்று மாலையே மாறங்கோ அரங்கில் நின்று, "மதகை மூடினால் அடுப்பை மூடு" என்றார். கைதட்டு ஏரிவரை கேட்டது. மறுநாள் மேல்கரை மல்லர் பெருஞ்சாத்தர் தொடையைத் தட்டி, "மதகைத் திறந்தால் பாடையைக் கட்டு" என்றார். மூன்று நாளுக்குள் ஊர், கீழ்க்கரை திறப்பார் என்றும் மேல்கரை மூடுவார் என்றும் பிரிந்தது. சோற்றுக்கடையில் ஒருத்தி பானையை மூடப்போக, உண்டுகொண்டிருந்தவர்கள் நீயும் அந்தக் கட்சியா என்று கேட்டிருக்கிறார்கள். தான் ஈக்களுக்கு எதிர்க்கட்சி என்று அவள் சொன்னாளாம். ஊர் பிரிந்தபின் இரு கரையாரும் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

சிரிப்பு கரையை அடைக்காது. இவ்வூரில் கரை அடைக்கும்போது கீழ்க்கரையார் ஒருவர், மேல்கரையார் ஒருவர் என்று மாறி மாறி வரிசையில் நிற்பார்கள். மண்கூடை ஒரு கரையின் கையிலிருந்து மறுகரையின் கைக்கே போகும். இப்போது கூடையை நீட்டினால் வாங்க எதிரே கை இல்லை. நடுவில் தரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கரைக்குப் போக வேண்டிய மண் வழியெல்லாம் குவிந்து கிடக்கிறது. இளகிச் சரிந்த பதினொரு முழக் கரை இன்னும் அடைபடாமல் கிடக்கிறது. பெருமழைக்கு ஒன்பது நாள் என்கிறார்கள். ஏரி உடைந்தால் வெள்ளம் எவரையும் கட்சி கேட்காது. முதலில் போவது கீழ்க்கரையின் நாற்பது வீடுகள். அவற்றுள் ஒன்று என் தாயாருடையது.

முந்தாநாள் மாறங்கோவை அரங்கின் பின்புறம் கண்டேன். முகச்சாயம் பாதி கலைந்திருந்தது. முழு ஆணையையும் அவர் எதிரில் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "தங்கையே, அந்த மதகு எந்தத் திசை என்றே எனக்குத் தெரியாது, கைதட்டு வந்த திசையில் திரும்பினேன்" என்றார். பிறகு, இத்தனை நீளமானதை யார் கேட்பார்கள் என்று என்னையே கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அதுவே எனக்கு அச்சம் தந்தது.

நேற்றுத் தங்கள் ஆணை வந்தபின் நானும் எழுதிப் பார்த்தேன். மூன்று வாசகங்கள். முதல் இரண்டும் சப்பென்று இருந்தன. மூன்றாவது நன்றாகவே வந்தது. அரங்கில் அதைக் கேட்க எனக்கே ஆசை உண்டாயிற்று. ஆகையால் அதை அடுப்பிலிட்டேன். அரசவை வாசகம் வென்றால், தோற்ற கரையார் கூடை வாங்க வருவார்களா என்று தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். பாதி சொல்லி ஊரைப் பிரித்தவள் நான். இன்னொரு பாதியைச் சொல்லி ஒட்டவைக்க முடியாது.

நான் கருதுவது தவறாகவும் இருக்கலாம். இரு முறை எழுந்துபோய் இந்த ஓலையைக் கட்டாமல் வைத்தேன். ஆயினும், ஒரு மூச்சுக்கு மேல் கேட்கமாட்டார்கள் என்று குடிமக்களைக் கேளாமலே முடிவு செய்த வழக்கத்தை நாளை ஏரிவாயிலில் நான் மீறுவேன். முரசறைவோர் கொற்றனாரோடு வாசித்துப் பார்த்ததில் முழு ஆணைக்கு முப்பத்தொரு மூச்சு ஆகிறது. என் பிழையைச் சொல்ல இன்னும் நான்கு. இது குற்றமானால் தண்டனையை ஏற்பேன். எழுத்தாணியை ஒப்படைக்கச் சொன்னால், வாசித்து முடித்த பிறகு ஒப்படைப்பேன்.

ஏரிவாயில் இலச்சினை இட்டுக் கட்டிய இவ்வோலை குதிரைவீரர் கையில் தலைநகர் சேர்க. இதன் படி ஒன்று வாயிலில் தொங்குக. கொற்றனார் இதன்படியே முரசறைக.

எழுதியதன் இறுதியில் மறுநாள் வேலையைக் குறிக்கும் கல்விச்சாலை முறைப்படி, நாளைய வேலை: விடிந்து ஐந்தாம் நாழிகையில் வாயிலுக்குப் போக வேண்டும். முரசு ஒரே அடி. முழு ஓலையையும் வாசிக்க வேண்டும். பின் கரைக்குப் போய், கீழ்க்கரை வரிசையில் நின்று, முதல் கூடையை நிரப்பி எதிர்க் கைக்கு நீட்ட வேண்டும். வாங்கும்வரை கீழே வைக்கக் கூடாது.