சாக்குகளைத் தூக்கிப் போட்டது நான்தான்

என் அப்பாவுக்கு,

ஆமாம், கழற்றியாயிற்று. தாபோடிப் பள்ளிக்கூடத்தின் சீலிங்கைத்தான். நீங்களும் தொழிற்சாலை நண்பர்களும் ஒரு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்த பலகைகள். கழற்றச் சொன்னது நான்.

வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், ஒரே அறை. உள்ளே பழையபடி ஆக்க வேண்டும் என்று பள்ளியின் டிரஸ்ட் முடிவு செய்தது. வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஆயில் பெயிண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினோம். கல் தரையைத் தேய்த்துக் கழுவினோம். மிச்சம் உங்கள் சீலிங். பேக்கிங் பெட்டிப் பலகை, பச்சை பெயிண்ட். அதற்கு மேலே தேக்குச் சட்டங்கள் மறைந்துகிடந்தன. ஆர்க்கிடெக்சர் படித்தவளுக்கு அது உறுத்தியது. அப்பா செய்தது என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அதில் கொஞ்சம் பெருமைகூட.

பலகையைப் பெயர்த்ததும் சாக்குகள் விழுந்தன. மூன்று அடுக்கு. தச்சர் தும்மிக்கொண்டே மராத்தியில் கேட்டார்: "மேடம், உங்க அப்பா இங்க கோதுமை வியாபாரம் பண்ணாரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். பலகைகளைப் பின்பக்கம் அடுக்கினோம். சாக்குகள் குப்பை வண்டிக்குப் போயின.

ஏன் சாக்கு? நீங்கள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரம் மழை. ஜன்னல் கொக்கிகளைப் பார்க்கப் போயிருந்தேன். மேலே வெறும் தகரம், அதில் மழை தடதடவென்று கொட்டியது. கலா டீச்சரின் வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து கத்தினாள்: "டீச்சர், குச் பி சுனாயீ நஹீ தேதா! ஒண்ணுமே கேக்கல!"

டீச்சர் என் காதருகே வந்து, "ஊமைப்படம் ஓட்டிட்டிருக்கோம்மா. டிக்கெட் வேணாம், உக்காரு" என்றார். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பிள்ளைகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டங்கள் அழகாகத்தான் இருந்தன.

நான்கு வருடம் அதே அறையில் படித்தேன். மழையால் பாடம் நின்றதாக ஒரு நாளும் நினைவில்லை. நீங்கள் சீலிங் அடித்தது நான் ஒன்றாம் வகுப்பு சேர்வதற்கு முந்தைய கோடையில். எனக்காகவா?

அலுவலகத்தில் சொன்னேன், தப்பு செய்துவிட்டேன் என்று. "அந்த சீலிங் ஒரிஜினல் இல்லையே" என்றார் சீனியர். இல்லைதான் என்றேன். படம் எடுக்க வரவிருந்த பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவிடமும் சொன்னேன். "அப்பா திட்டியிருக்க மாட்டார். சுத்தியலைத் தேடியிருப்பார்" என்றாள். தம்பி வாகட் ஏரியாவில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். அம்மா தாபோடியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்.

உங்கள் சீலிங்கை மறுபடி அடிக்கப்போகிறோம். பாதிப் பலகை கறையானுக்குப் போய்விட்டது. அவற்றுக்குப் பதில் புதிது. பச்சை அடிக்கப்போவதில்லை, மன்னித்துவிடுங்கள். முடிந்த பிறகு வரும் முதல் பெருமழையில் கடைசி வரிசையில் உட்காருவேன். டீச்சர் குரல் வந்து சேராவிட்டால் இன்னொரு அடுக்கு போடுவேன். இது உறுதி.

சனிக்கிழமை மார்க்கெட்டில் கடை கடையாக ஏறிக் காலிச் சாக்கு கேட்டேன். கிடைத்ததை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

உங்கள் மூத்த மகள்,
விஜி