உங்கள் பிள்ளைதானே

பிளேஸ்டோ, லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சாளுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? மடுமாதாவிடம் உங்களுக்கும் சேர்த்துத்தான் வழக்கமாக மன்றாடுவேன். இந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரே மன்றாட்டு.

போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். வரும் சனிக்கிழமை நம் மரினாவின் குழந்தை சலோத்தேயை, மருமகனின் ஊரான தொங்கா என்கிற பசிபிக் தீவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அங்கேயே வளர்ப்பதற்கு.

கொண்டுபோகிறவர் மருமகன் செமிசியின் மூத்த அக்கா மெலே. குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர். அவர்களுடைய வழக்கத்தில் ஒரு குழந்தைக்குத் தகப்பனின் அக்காதான் எல்லோருக்கும் மேல். பெயர் வைப்பதும் அவர், விழாவில் முதல் இருக்கையும் அவருக்கு. அவர் கேட்பதை மறுக்கிற பழக்கமே இல்லையாம். நம்மவர்களில் மாமிமாருக்குக் கொடுக்கிற மரியாதை போலத்தான் என்று நான் நினைத்துவிட்டேன்.

கோயில் மண்டபத்தில் விழா. மரப்பட்டையை அடித்துச் செய்த துணி ஒன்றை மெலே கொண்டுவந்திருந்தார். கறுப்பும் மண்ணிறமுமாக, மண்டபத்தின் பாதி நீளம். அதன்மேல் அவர் இருக்க, குழந்தையை மடியில் வைத்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? நாம் வழமையாகச் சொல்வதுபோல, “இது உங்கட பிள்ளைதானே, கூட்டிக்கொண்டு போய் வளருங்கோவன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். செமிசி அதைத் தங்கள் மொழியில் சொன்னான். மெலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பாயை அவிழ்த்து என் மடியில் வைத்தார். நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டு கேக் வெட்டப் போனேன்.

மறுநாள்தான் செமிசி விளக்கினான். குழந்தையைக் கேட்க அக்காவுக்கு ஆசையிருந்தும், என் மனம் நோகுமென்று கேட்காமலே ஊருக்குத் திரும்பிப் போக இருந்தாராம். நானே எல்லோருக்கும் முன்னால் கொடுத்துவிட்டேனாம். அந்தப் பாய் அதற்கு அவர் தந்த நன்றியாம். இனி இல்லை என்றால் அவர் ஊரில் முகம் காட்ட ஏலாதாம்.

மெலே நல்ல மனுசி. அவர் தேங்காயெண்ணெய் பூசிக் குளிக்கவார்த்தால் குழந்தை அழுவதேயில்லை. இப்போது அவருடைய நெஞ்சில்தான் தூங்குகிறாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், அடுப்படிக்குப் போனாலும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறேன். உங்கள் தம்பியிடம் ஏதாவது செய்யுங்கோ என்றால், ரிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

மரினாவிடம் சண்டை பிடித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட வயது வந்ததும் கூட்டிவரலாம் என்று அமைதியாகச் சொல்கிறாள். பிறகு சொன்னாள்: “நானும் மாமியிட்டத்தானே வளந்தனான். எனக்கு என்னம்மா குறைஞ்சது?”

சண்டைக்குத் தப்பி நாங்கள் முதலில் ஜெர்மனிக்கு ஓடியபோது, ஒரு வயதுப் பிள்ளையாக அவளை உங்கள் கையில் தந்தோம். ஏழு வயதில் கூட்டிப்போக வந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீங்கள் மடித்த சட்டைகளின் பையைத் தந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று திரும்பி நடந்தீர்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மரினா உங்களுக்குப் போன் எடுப்பாள். அனுப்பலாமா என்று உங்களைத்தான் கேட்பாளாம், என்னை அல்ல. “விடாதை பிள்ளை” என்று ஒரு சொல் சொல்லுங்கள், நின்றுவிடுவாள். மெலேயின் காலில் விழுந்து அந்தப் பாயை நான் திருப்பிக் கொடுப்பேன். நீங்கள் வேறு விதமாகச் சொன்னால் எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் மகளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள், மச்சாள். உங்கள் மகள் என்று மரியாதைக்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
பெர்னடெற்