தொழிற்சாலையில் இறுகாத தரை

செவ்வாய், இரவு.

தேயிலைத் தொழிற்சாலையில் நானே பூசிய எபொக்சித் தரையில் இன்று உட்கார்ந்து எழுந்தேன். காற்சட்டையின் பின்பக்கம் தரையோடு தங்கிவிட்டது. செய்தி இதற்குள் ஹட்டன் கடைத்தெருவுக்கும் போயிருக்கும்.

"என்னங்கண்ணே, தரைக்கு உங்க மேல அவ்ளோ பாசமா?" என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சிரித்தார். "திங்கக்கிழமைக்குள்ள இறுகலைன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்." குளிரின்மேல் பழியைப் போட்டேன். எடுபடவில்லை.

எபொக்சி டிரம்மிலிருந்து கொஞ்சம் பிசினை எடுத்துக்கொண்டு, இரசாயனவியல் படிப்பிக்கும் மச்சினியிடம் ஓடினேன். அவள் அதில் ஊதாச் சாயம் கலந்து, பச்சையாகும்வரை அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கணக்குப் போட்டாள்.

"மச்சான், இந்தப் புது டிரம்முல எபொக்சைட் சமவலு நிறை கூட; பிசினை இறுக வைக்கிற ஹார்ட்னரோட சேருற பகுதி ஒரு கிலோவுல குறைவு. அப்படின்னா ஒரு கிலோ பிசினுக்கு ஹார்ட்னர் கொஞ்சமாத்தான் வேணும். நீங்க பழைய அளவையே ஊத்தியிருக்கீங்க. மிஞ்சின ஹார்ட்னர்தான் ஒட்டுது."

விடிந்ததும் முழுத் தரையையும் சுரண்டப்போகிறேன். அவள் சொன்ன அளவில், தராசு வைத்துக் கலந்து பூசுவேன். இனி எந்த டிரம்மையும் அளந்து பார்க்காமல் திறப்பதில்லை. இந்த வேலையை இன்னொருவனுக்கு விடுவதாகவும் இல்லை.

அந்தச் சமவலு நிறையை அச்சிட்ட தாள் டிரம்மோடுதான் வந்திருந்தது. போன வாரம் உளுந்து வடையின் எண்ணெயை அதில்தான் பிழிந்தேன்.